சாக்குப் பையில் கிடக்கும் டிஸ்க்... பெட்டிக்கு மாற்றினால் காசும் மிச்சம், கண்ணுக்கும் பாதுகாப்பு!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்த மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தாலும், சுவரில் ஓர் ஆணியும் அதில் ஒரு சிமென்ட் சாக்கும் தொங்கும். சிமென்ட் ஆலைகள் நிறைந்த சீமையில் சாக்குக்கா பஞ்சம்? அந்தச் சாக்குக்குள் ஸ்பேனர், பழைய பேரிங், சொட்டுநீர்க் குழாயின் உதிரிகள் கிடக்கும். அவற்றோடு நாலைந்து கட்டிங் வீலும், ஓரம் சுருண்டுபோன உப்புத்தாள் டிஸ்க்குகளும் சேர்ந்து கிடக்கும்.

முன்பெல்லாம் மண்வெட்டி மழுங்கினால் கொல்லுப்பட்டறைக்குப் போக வேண்டும். இன்று 4 இன்ச் கட்டிங் மிஷின் இல்லாத விவசாயி வீடு குறைவு. களைக்கொத்து தீட்டுவது, பவர் வீடர் பிளேடைச் சரிசெய்வது, கேட்டில் துருவைச் சுரண்டுவது, முந்திரித் தோப்பு வேலிக்குக் கம்பி அறுப்பது எல்லாவற்றுக்கும் அதுதான். மிஷினைத் துணி சுற்றிப் பத்திரமாக வைக்கிறவர்கள்கூட அதில் மாட்டும் டிஸ்க்கைக் கண்டுகொள்வதில்லை. ஆபத்தோ மிஷினைவிட டிஸ்க்கில்தான் அதிகம்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 4 இன்ச் மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சாக்குக்குள் சுத்தியல் இடித்து, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த கட்டிங் வீல் அந்த வேகத்தில் உடைந்தால், துண்டு முகத்துக்கோ கைக்கோதான் வரும். மிஷினோடு வந்த இரும்பு மூடி இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்திருந்தால், தடுக்க எதுவும் இல்லை.

கட்டிங் வீலும் கிரைண்டிங் வீலும் கல்லைக் குடைந்து செய்தவை அல்ல. அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான மணிகளைப் பிசினால் ஒட்டி, நடுவில் கண்ணாடி நார் வலை வைத்து அழுத்தியவை. இந்தப் பிசினுக்கு ஈரம் ஆகாது. நாள் ஆக ஆக அதன் பிடிப்பும் குறையும். அதனால் இவற்றுக்கும் மருந்து பாட்டில் போல காலாவதித் தேதி உண்டு. தரமான வீலின் நடுத் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். ஐரோப்பியத் தரவிதிப்படி, தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் ஆயுள். வளையத்தில் தேதியே இல்லாத மலிவுச் சரக்கும் சந்தையில் கிடைக்கிறது. அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

உப்புத்தாள் டிஸ்க்கின் சிக்கல் வேறு. அது உடைந்து பறக்காது, ஆனால் வேலையைக் கெடுத்துவிடும். இதற்கு நல்ல உதாரணம் பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. பச்சைமலை அடிவாரத்தில், வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள அரும்பாவூரின் மரச் சிற்பங்கள் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றவை. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில், பெரும்பாலும் ஒரே துண்டில் செதுக்கும் வேலை அது. இப்படிப்பட்ட மர வேலையில் உளி செய்வது பாதிதான், மீதி தேய்ப்பில் இருக்கிறது. பீடம், பலகை மாதிரி சமமான இடங்களுக்கு மிஷின் டிஸ்க் பயன்படும். விரல் மடிப்பு, முகம் என்று வந்துவிட்டால் உப்புத்தாளைக் கையால் மடித்துத்தான் தேய்க்க வேண்டும்.

தேய்ப்பில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது டிஸ்க்கின் முதுகில் இருக்கும் எண். எண் சிறியதென்றால் மணி பெரியது. எண் ஏற ஏற மணி பொடியாகும். 60-ம் எண் டிஸ்க்கில் ஒரு மணி சுமார் 0.27 மில்லிமீட்டர். 220-ல் அது 0.07 மில்லிமீட்டர்கூட இல்லை, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 60, 80, 120, 180, 220 என்று படிப்படியாக ஏறி வழவழப்பாக்கும் வேளையில், 220-ம் எண் டிஸ்க்கில் ஒரே ஒரு 60-ம் எண் மணி ஒட்டியிருந்தால் போதும். மரத்தில் கோடு விழும். தேய்க்கும்போது அது கண்ணில் படாது. வார்னிஷ் பூசிய பிறகுதான் பளிச்சென்று தெரியும். அப்போது வார்னிஷைச் சுரண்டி எடுத்து, மறுபடி 80-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். எல்லா எண்களையும் ஒரே பையில் போட்டு வைப்பதால் வரும் வினை இது.

விவசாயி வீட்டில் இதைவிடச் சாதாரணமாக நடப்பது இன்னொன்று. மண்வெட்டித் துருவைத் தேய்த்த டிஸ்க்கையே, அடுத்த நாள் வாசக்கால் தேய்க்கவும் மாட்டிவிடுவார்கள். தேக்கு, கருவேலம் போன்ற மரங்களில் துவர்ப்புச் சத்து உண்டு. டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் மரத்தில் ஏறி, மேலே ஈரம் பட்டால் கருநீலக் கறை பிடிக்கும். எனவே இரும்புக்கு ஓட்டிய டிஸ்க் கடைசிவரை இரும்புக்குத்தான்.

சரி, எப்படி அடுக்குவது? மூடி இறுக்கமாகப் பொருந்துகிற, கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் டூல்ஸ் பெட்டி ஒன்று போதும். அதற்குள் வெட்டுவதற்கு ஒரு டப்பா, இரும்பு தேய்க்க ஒரு டப்பா, மரம் தேய்க்க ஒரு டப்பா. சுத்தியலும் ஸ்பேனரும் இந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது. டிவிஎஸ் எக்ஸெல்லில் பெட்டியைக் கட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் போகும்போது உள்ளே நடக்கும் குலுக்கலை நினைத்துப் பாருங்கள்.

டப்பாவுக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. சிடி மொத்தமாக அடுக்கி விற்ற பழைய உருளை டப்பா, வீட்டிலோ ஸ்டூடியோவிலோ கிடைக்கும். 4 இன்ச் கட்டிங் வீலின் துளை 16 மில்லிமீட்டர், சிடியின் துளை 15. ஆகவே டப்பாவின் நடுத் தண்டில் வீல் அழகாக உட்காரும். மெல்லிய வீல்களைப் படுக்கையாகத்தான் வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும்.

உப்புத்தாள் டிஸ்க்குக்கு, போர்வெல் வேலையில் மிச்சமான 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஒரு சாண் அறுத்து, அடியில் மூடி போட்டுக்கொள்ளலாம். 100 மில்லிமீட்டர் டிஸ்க் உள்ளே இறங்கும். சில கம்பெனி டிஸ்க் 105, 107 என்று இருக்கும், நுழையாது. குழாயை அறுக்கும் முன் வைத்துப் பார்த்துவிடுங்கள். அட்டையை வட்டமாக வெட்டி எண்ணுக்கு எண் இடையில் வைத்து, அட்டையின் ஓரத்தில் எண்ணை எழுதிவிட்டால் தேடும் வேலை இல்லை. பயன்படுத்திய டிஸ்க்கைத் தட்டி, தூசி போக்கிய பிறகே உள்ளே வைக்கவும். வெல்க்ரோ டிஸ்க்கின் முதுகுப் பஞ்சில் மரத்தூள் அடைத்தால் மிஷினில் பிடிக்காது, ஓடும்போதே கழன்று போகும். மரத்தூள் அப்பி மழுங்கிய டிஸ்க்கை உடனே தூக்கிப் போட வேண்டாம். பழைய கிரேப் ரப்பர் செருப்பின் அடியில் ஓடவிட்டால், அடைப்பு கழன்று இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம்தான் டிஸ்க்குக்குச் சோதனை. காகித முதுகும் நார் முதுகும் ஈரத்தைக் குடித்துச் சுருளும். சுருண்டது மிஷினில் சமமாக உட்காராது. காற்றில் 45 முதல் 65 சதவிகித ஈரப்பதம்தான் இவற்றுக்கு ஏற்றது என்கிறது ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் பரிந்துரை. கார்த்திகையில் அதை எதிர்பார்க்க முடியாது. காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, பெட்டிக்குள் நாலைந்து போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். குழந்தைகள் கைக்கு மட்டும் எட்டக் கூடாது. பெட்டி இருக்க வேண்டிய இடம் வீட்டுக்குள் ஒரு அலமாரி. பம்ப்செட் தொட்டிக்குப் பக்கத்திலோ, பூச்சிமருந்தும் டீசலும் இருக்கும் இடத்திலோ வேண்டாம். மிஷின் ஓட்டும்போதும் மக்காச்சோளத் தட்டைப் போர், பருத்தி மூட்டை பக்கம் போகக் கூடாது. ஒரு பொறி போதும்.

மிஷினைப் பெட்டிக்குள் வைக்கும்போது டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே திணித்தால் பாரம் முழுவதும் டிஸ்க்கின் மேல் இறங்கும். மறுபடி மாட்டும்போது டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் சுற்று எண்ணிக்கை மிஷினின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். புது டிஸ்க்கோ, நாள்பட்ட டிஸ்க்கோ, மூடியோடும் கண்ணாடியோடும், ஆள் இல்லாத பக்கமாகப் பிடித்து அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு, அப்புறம் வேலையில் வையுங்கள். பெஞ்ச் கிரைண்டர் கல்லை மரக் கைப்பிடியால் தட்டினால் 'டிங்' என்ற சத்தத்தில் நல்லது கெட்டது தெரியும். பிசின் வீலுக்கு அந்தச் சோதனை சரிவராது. கண்ணால் பார்ப்பதும் தேதி பார்ப்பதும்தான் வழி.

தேதி தாண்டியதை, தண்ணீரில் நனைந்ததை, ஓரம் உதிர்ந்ததை 'அவசரத்துக்கு ஆகும்' என்று எடுத்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த அவசரத்தில் அதை எடுத்து மாட்டுவது வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். மிஷினில் மாட்டவே முடியாதபடி உடைத்து, தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.