உங்களுக்குத் தெரியுமா? ஜோக்கரைப் பைத்தியமாக்கிய ஒரு நாள்

1988-இல் டிசி காமிக்ஸ் வெளியிட்ட ‘தி கில்லிங் ஜோக்’ பேட்மேன் கதைதான். ஆனால் நம்மை உலுக்குபவன் வில்லன் ஜோக்கர். ஆலன் மூர் எழுத, பிரையன் போலண்ட் வரைந்தார்.

பிழைப்புக்குத் திண்டாடும் நகைச்சுவைக் கலைஞன் ஒருவன். கர்ப்பிணி மனைவி இறந்த அன்றே, திருட்டுக் கும்பலோடு ரசாயன ஆலைக்குள் போக வேண்டிய நிலை. கழிவில் விழுந்து எழுந்தவன் ஜோக்கராகிறான். ஒரே ஒரு மோசமான நாள் போதும், எவரும் பைத்தியமாகிவிடலாம் என்பது அவன் வாதம். அதை நிரூபிக்கவே கமிஷனர் கார்டனின் மகள் பார்பராவைச் சுடுகிறான்; கார்டனையும் கடத்திச் சித்திரவதை செய்கிறான். கார்டனோ மனம் உடையாமல், அவனைச் சட்டப்படியே பிடிக்கும்படி பேட்மேனிடம் சொல்கிறார். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தன் கடந்தகாலம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நினைவுக்கு வருவதாக ஜோக்கரே சொல்வதால், அந்த முன்கதை உண்மைதானா என்பதும் தெரியாது.

பார்பராவை வெறும் பலிகடா ஆக்கியது இந்நூலின் பெருங்குறை. அதைச் சரிசெய்தவர்கள் கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் தம்பதி. சுடப்பட்டதால் நடக்க முடியாமல் போனாலும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணினியால் குற்றங்களைத் துப்பறியும் ‘ஆரக்கிள்’ ஆக 1989-இல் அவளை மீட்டுக் கொண்டுவந்தார்கள்.