ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டில் கூடுதல் படத்தொகுப்புகளை நிறுவுதல்

ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டில் கூடுதல் படத்தொகுப்புகளை நிறுவுதல் என்பது, அந்தக் கணினி விளையாட்டுடன் வராத கழகச் சின்னங்கள், வீரர்களின் முகப்படங்கள், சீருடைப் படங்கள் போன்றவற்றைப் பயனர் தம் கணினியில் தாமே சேர்த்துக்கொள்ளும் முறையாகும். இப்படங்களைப் பெரும்பாலும் விளையாட்டை ஆடும் ஆர்வலர்களே உருவாக்கி இலவசமாகப் பகிர்கின்றனர். நிறுவுவதற்கு நிரலாக்க அறிவு தேவையில்லை. படங்களைச் சரியான கோப்புறையில் வைப்பதும், எந்தப் படம் யாருக்கு உரியது என்பதைக் கூறும் ஒரு சிறிய உரைக்கோப்பு அவற்றுடன் இருப்பதும் போதும்.

விளையாட்டு பற்றி

ஃபுட்பால் மேனேஜர் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, சேகா நிறுவனம் வெளியிடும் மேலாண்மை விளையாட்டுத் தொடராகும். இதன் முன்னோடி 1992-இல் வெளிவந்த சாம்பியன்ஷிப் மேனேஜர். அதை உருவாக்கியவர்கள் பால் காலியர், ஆலிவர் காலியர் என்னும் சகோதரர்கள். பின்னர் வெளியீட்டு நிறுவனத்திலிருந்து பிரிந்ததால் பழைய பெயரைப் பயன்படுத்த முடியாமல் போனது. எனவே 2004-இன் இறுதியில் ஃபுட்பால் மேனேஜர் 2005 என்ற புதிய பெயரில் தொடர் மீண்டும் தொடங்கியது.

இதில் பயனர் பந்தை உதைப்பதில்லை. ஒரு கழகத்தின் மேலாளராக இருந்து வீரர்களை வாங்குதல், விற்றல், அணியைத் தேர்ந்தெடுத்தல், ஆட்ட உத்தியை வகுத்தல் ஆகியவற்றைச் செய்கிறார். இந்தியாவின் கழகங்களும் இதில் இடம்பெறுகின்றன. இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் 2015, 2017–18 பருவங்களில் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சி கழகத்தின் மேலாளராகவும் ஒருவர் விளையாடலாம். விளையாட்டின் பெரும்பகுதி பெயர்ப் பட்டியல்களாலும் எண்களாலும் ஆனது. ஆகவே ஒரு பெயருக்கு அருகில் முகமோ சின்னமோ இருப்பது, அந்த வீரரையோ கழகத்தையோ உடனே அடையாளம் காண உதவுகிறது.

படங்கள் விடுபடுவதற்கான காரணம்

ஒரு கழகத்தின் சின்னம் அக்கழகத்தின் வணிகக் குறியாகும். அதை விளையாட்டில் பயன்படுத்த உரிமம் பெற வேண்டும். ஒவ்வொரு லீக்குடனும் கழகத்துடனும் தனித்தனியே ஒப்பந்தம் செய்ய வேண்டியிருப்பதால் எல்லாவற்றுக்கும் உரிமம் கிடைப்பதில்லை. உரிமம் இல்லாத கழகங்களுக்கு, அவற்றின் நிறங்களைக் கொண்ட பொதுவான சின்னம் ஒன்று காட்டப்படுகிறது. வீரர்களின் ஒளிப்படங்களுக்கும் இதே நிலைதான். இந்திய வீரர்கள் பலருக்கு முகப்படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிழலுருவமே தெரியும்.

சில வேளைகளில் பெயரும் மாறிவிடுகிறது. செருமானிய இலக்குக் காவலர் ஆலிவர் கான், தம் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக வேறொரு கால்பந்து விளையாட்டின் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்து வென்றார். அதன் பின் ஃபுட்பால் மேனேஜர் 2005-இல் அவர் இடத்தில் ஜென்ஸ் முஸ்டர்மான் என்ற கற்பனைப் பெயர் இடம்பெற்றது. இத்தாலியின் யுவென்டஸ் கழகம் சில பதிப்புகளில் வரிக்குதிரைகள் எனப் பொருள்படும் சீப்ரே என்ற பெயரில் வந்தது.

அடிப்படைக் கருத்து: அடையாள எண்

விளையாட்டின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு வீரருக்கும், கழகத்துக்கும், போட்டிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஒரே பெயரில் பல வீரர்கள் இருக்கலாம். ஒரே பெயரைப் பலவிதமாக எழுதலாம். எண்ணில் இந்தக் குழப்பம் இல்லை. எனவே விளையாட்டு படத்தைப் பெயரால் தேடாமல் எண்ணால் தேடுகிறது. நிறுவும் முறையும், நிறுவுதலில் ஏற்படும் பிழைகளில் பெரும்பாலானவையும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

எண்ணையும் படத்தையும் இணைப்பது 'கான்ஃபிக்' என்ற பெயருடைய எக்ஸ்எம்எல் வகைக் கோப்பாகும். இது நோட்பேட் போன்ற எளிய மென்பொருளிலேயே திறந்து படிக்கக்கூடிய உரைக்கோப்பு. இதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி இருக்கும். வரியின் 'ஃப்ரம்' என்னும் பகுதி, வகை ஒட்டு நீங்கலான படக்கோப்பின் பெயரைக் குறிக்கும். 'டு' என்னும் பகுதி, விளையாட்டுக்குள் அப்படம் தோன்ற வேண்டிய இடத்தைக் குறிக்கும். வீரர் என்றால் 'பெர்சன்', அவருடைய எண், 'போர்ட்ரெய்ட்' ஆகியவை சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு வரிசையாக இருக்கும். கழகம் என்றால் 'கிளப்', அதன் எண், 'லோகோ' என்று இருக்கும். பட்டியல்களில் தோன்றும் சிறிய சின்னத்துக்கு 'லோகோ' என்பதற்குப் பதிலாக 'ஐகான்' என்று இருக்கும்.

பதிவிறக்கும் தொகுப்புகளில் இக்கோப்பு முன்பே எழுதப்பட்டிருக்கும். படக்கோப்புகளுக்கும் பெரும்பாலும் அடையாள எண்ணே பெயராக இருக்கும்.

தொகுப்புகளின் வகைகள்

முகப்படத் தொகுப்பு: வீரர்கள், பயிற்றுநர்கள் ஆகியோரின் படங்கள். இவற்றில் பின்னணி நீக்கப்பட்ட பிஎன்ஜி வகைப் படங்களே மிகுதி. உலகம் முழுமைக்குமான தொகுப்பு பல கிகாபைட் அளவுடையது.

சின்னத் தொகுப்பு: கழகங்கள், போட்டிகள், நாடுகள் ஆகியவற்றின் சின்னங்கள்.

சீருடைத் தொகுப்பு: உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம், மாற்று உடை எனக் கழகம் ஒன்றுக்கு மூன்று படங்கள் வரை இருக்கும்.

ஸ்கின்: இது படம் அன்று. திரையின் நிறம், எழுத்து, பலகங்களின் அமைப்பு ஆகியவற்றையே மாற்றுவது. இது 'ஸ்கின்ஸ்' என்ற தனிக் கோப்புறையில் வைக்கப்படுகிறது.

நிறுவும் முறை

கீழுள்ள படிகள் விண்டோஸ் கணினியில் ஃபுட்பால் மேனேஜர் 2024 பதிப்பை அடிப்படையாகக் கொண்டவை. மற்றப் பதிப்புகளில் பட்டிகளின் பெயரும் இடமும் சிறிது மாறலாம்.

1. பதிவிறக்கிய தொகுப்பு சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கும். அதை செவன்-ஜிப் அல்லது வின்ரார் போன்ற மென்பொருளால் விரிக்க வேண்டும்.

2. 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறைக்குள் 'ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ்', அதற்குள் 'ஃபுட்பால் மேனேஜர் 2024' என்ற கோப்புறையைத் திறக்க வேண்டும். இது பயனர் தரவுக் கோப்புறை. விளையாட்டு நிறுவப்பட்டுள்ள ஸ்டீம் கோப்புறை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. மேக் கணினியில் இக்கோப்புறை பயனரின் 'லைப்ரரி' கோப்புறைக்குள் 'அப்ளிகேஷன் சப்போர்ட்' என்பதில் இருக்கும்.

3. அங்கே 'கிராபிக்ஸ்' என்ற கோப்புறை இல்லையென்றால், ஆங்கிலத்தில் எல்லாம் சிறிய எழுத்துகளாக அப்பெயரிட்டு ஒன்றை உருவாக்க வேண்டும்.

4. விரித்த தொகுப்பை அதற்குள் வைக்க வேண்டும். முகப்படம், சின்னம், சீருடை ஆகியவற்றுக்குத் தனித்தனி உட்கோப்புறைகள் வைத்துக்கொள்வது பின்னர் புதுப்பிக்க எளிது. உட்கோப்புறைகளுக்கு எப்பெயரும் இடலாம். ஆனால் படங்களையும் அவற்றுக்குரிய கான்ஃபிக் கோப்பையும் பிரிக்கக் கூடாது.

5. விளையாட்டைத் திறந்து, 'பிரிஃபரன்ஸஸ்' பகுதியில் இடைமுகத்துக்கான அமைப்புகளுக்குச் செல்ல வேண்டும். அங்கே முதலில் 'கிளியர் கேஷ்', பிறகு 'ரீலோட் ஸ்கின்' ஆகியவற்றை அழுத்த வேண்டும். விளையாட்டு தான் முன்பு நினைவில் வைத்திருந்த படப்பட்டியலை விட்டுவிட்டு, கோப்புறையைப் புதிதாகப் படிக்கும். பெரிய தொகுப்பு என்றால் இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம்.

படங்கள் தரவுத்தளத்தை மாற்றுவதில்லை. ஆகையால் பாதியில் இருக்கும் ஆட்டத்திலும் அவற்றைச் சேர்க்கலாம். வேண்டாமென்றால் கோப்புறையை நீக்கிவிடலாம். சேமித்த ஆட்டத்துக்கு இதனால் கேடு இல்லை. ஸ்டீம் தளத்தில் விளையாட்டை வாங்கியவர்கள் அதன் 'ஒர்க்ஷாப்' பகுதியிலிருந்து சில தொகுப்புகளை நேரடியாகவும் பெறலாம்.

படம் தோன்றாதபோது

ஒரு படமும் தோன்றவில்லை என்றால், பெரும்பாலும் கோப்புறை தவறான இடத்தில் இருக்கும் அல்லது கேஷ் நீக்கப்பட்டிருக்காது. முந்தைய ஆண்டுப் பதிப்பின் கோப்புறையில் வைத்துவிடுவதும் உண்டு.

கான்ஃபிக் கோப்பைத் தாமே எழுதுவோருக்கு நேரும் பொதுவான பிழை, கோப்பின் பெயர் பற்றியது. விண்டோஸ் கோப்பு வகை ஒட்டுகளை மறைத்துக் காட்டுவதால், நோட்பேடில் சேமித்த கோப்பு எக்ஸ்எம்எல் போலத் தெரிந்தாலும் அதன் இறுதியில் 'டிஎக்ஸ்டி' என்ற ஒட்டு மறைந்திருக்கும். விளையாட்டு அதைப் படிக்காது. வகை ஒட்டுகளைக் காட்டுமாறு விண்டோஸ் அமைப்பை மாற்றினால் இது தெரிந்துவிடும். ஒரு மேற்கோள்குறியோ சாய்கோடோ விடுபட்டாலும் அந்தக் கோப்புறையின் படங்கள் முழுவதும் தோன்றாமல் போகலாம்.

ஒருவர் முகம் இன்னொருவருக்கு வந்தால் எண் தவறு. ஒரே எண்ணுக்கு இரு தொகுப்புகளில் படங்கள் இருந்தால் எதிர்பாராத படம் தோன்றலாம். அப்போது ஒன்றை நீக்க வேண்டும்.

விளையாட்டு தொடங்க மிகவும் தாமதமானால், கான்ஃபிக் கோப்பின் தொடக்கத்தில் 'ப்ரீலோட்' என்பதன் மதிப்பைப் பார்க்க வேண்டும். அது 'ட்ரூ' என்றிருந்தால் எல்லாப் படங்களும் முதலிலேயே நினைவகத்தில் ஏற்றப்படும். 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்படும்.

படத்தொகுப்பில் படங்களும் எக்ஸ்எம்எல் கோப்புகளும் மட்டுமே இருக்க வேண்டும். 'இஎக்ஸ்இ' வகைக் கோப்பை இயக்கச் சொல்லும் முகப்படத் தொகுப்பைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

சிறிய தொகுப்பைத் தாமே உருவாக்குதல்

இணைய வேகமோ வன்தட்டு இடமோ குறைவாக உள்ளவர்கள் உலகத் தொகுப்பு முழுவதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. சென்னையின் எஃப்சி அணியை மட்டும் ஆடும் ஒருவருக்கு, 25 வீரர்கள் என்றால், 25 படங்களும் 25 வரிகள் கொண்ட ஒரு கான்ஃபிக் கோப்புமே போதும். வீரர்களின் அடையாள எண்களை, விளையாட்டுடன் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும் எடிட்டர் என்னும் தரவுத் திருத்தியில் காணலாம்.

உள்ளூர் அணி ஒன்றையும் இவ்வாறு கொண்டுவர முடியும். கடலூர் மாவட்டத்தின் பெண்ணாடம், விருத்தாசலம் போன்ற ஊர்களின் மைதானங்களில் ஆடும் அணிகள் தரவுத்தளத்தில் இல்லை. அவ்வூர் மாணவர் ஒருவர் எடிட்டரில் ஏற்கெனவே உள்ள ஒரு சிறிய கழகத்தின் பெயர், ஊர், நிறங்கள் ஆகியவற்றைத் தம் அணிக்கு ஏற்ப மாற்றலாம். பெயர் மாறினாலும் அடையாள எண் மாறாது. அந்த எண்ணிலேயே தம் அணிக்காக வரைந்த சின்னத்தை வைத்தால் அது தோன்றும். தரவுத்தளத்தில் செய்யும் மாற்றம் புதிதாகத் தொடங்கும் ஆட்டத்தில் மட்டுமே செயல்படும். இதுவே படத்தொகுப்புக்கும் தரவுத் திருத்தத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு.

புதுப்பித்தல்

கழகங்கள் மாறும்போது படங்களும் பழையனவாகின்றன. கொல்கத்தாவின் மோகன் பகான் கழகம் 2020-இல் ஏடிகே மோகன் பகான் என்றும், 2023-இல் மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் என்றும் பெயர் மாறியது. ஒவ்வொரு முறையும் சின்னமும் மாறியது. தொகுப்பாளர்கள் மாறிய படங்களை மட்டும் சிறு புதுப்பிப்புகளாக வெளியிடுவது வழக்கம்.

ஆட்டத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல உண்மையான வீரர்கள் ஓய்வுபெற, கற்பனை வீரர்கள் தோன்றுவர். இவர்களுக்கு ஒளிப்படம் இருக்க முடியாது. செயற்கை நுண்ணறிவால் உருவான முகங்களை, வீரரின் நாட்டுக்கும் தோற்றத்துக்கும் ஏற்ப இவர்களுக்கு ஒதுக்க நியூகான் என்ற மென்பொருள் பயன்படுகிறது. அதுவும் கான்ஃபிக் கோப்பையே எழுதித் தருகிறது.

சட்ட நிலை

ஆர்வலர்களின் படத்தொகுப்புகள் சட்டத்தின் தெளிவற்ற எல்லையில் உள்ளன. மான்செஸ்டர் யுனைடெட் கழகம் சேகா, ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் ஆகியவற்றுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு 2020 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. உரிமமின்றித் தம் பெயரைப் பயன்படுத்தியதையும், சின்னத்துக்குப் பதிலாகச் சிவப்பு வெள்ளைக் கோடுகளை இட்டதையும் கழகம் எதிர்த்தது. மூன்றாம் தரப்பினரின் படத்தொகுப்புகள் வழியே தம் சின்னம் விளையாட்டுக்குள் வருவதையும் வழக்கில் சேர்க்க முயன்றது. 1992 முதலே அப்பெயரைக் கழகத்தைக் குறிக்க மட்டும் பயன்படுத்தி வந்ததாகவும், அதுவரை எதிர்ப்பு எழுந்ததில்லை என்றும் எதிர்த்தரப்பு கூறியது. 2021-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்பின் ஃபுட்பால் மேனேஜர் 2022 முதல் அக்கழகம் 'மேன் யுஎஃப்சி' என்று சுருக்கிக் குறிக்கப்பட்டது.

இந்தியாவில் சின்னங்களுக்கு 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டமும், ஒளிப்படங்களுக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் பொருந்தும். பிறர் எடுத்த படங்களைத் தொகுத்துப் பொதுவில் பகிர்வதும் விற்பதும் உரிமையாளரின் அனுமதியைக் கோருபவை. தாமே வரைந்த சின்னத்துக்கும், வீரரின் இசைவுடன் தாமே எடுத்த படத்துக்கும் இச்சிக்கல் இல்லை.

உரிமம் கிடைக்கும் இடங்களில் கூடுதல் தொகுப்புகளின் தேவை குறைகிறது. 2023 நவம்பரில் வெளியான ஃபுட்பால் மேனேஜர் 2024-இல் ஜப்பானின் ஜே லீக் முதன்முறையாக அதிகாரபூர்வமாக இடம்பெற்றது. ஃபுட்பால் மேனேஜர் 2025 பதிப்பு கைவிடப்பட்ட பின், 2025 நவம்பரில் வெளியான ஃபுட்பால் மேனேஜர் 26 இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் உரிமத்துடன் வந்தது. இத்தகைய உரிமங்கள் எட்டாத லீக்குகளின் வீரர்களுக்கும் கழகங்களுக்கும் ஆர்வலர்களின் தொகுப்புகளே முகமும் சின்னமும் தருகின்றன.