வஹாகாவின் சிவப்பு

மெக்சிகோவின் தெற்கு மலைநாட்டில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வஹாகா நகரம். அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் பார்க்க வேண்டியவற்றைத் தாளில் எழுத ஆரம்பித்தால் சாந்தோ தொமிங்கோ தேவாலயம், மோந்தே அல்பான் இடிபாடுகள், மோலே குழம்பு, நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் திருநாள் என்று பட்டியல் நீளும். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் என்னைக் கேட்டால், அந்தத் தாளின் முதல் வரியில் ஒரு பூச்சியின் பெயரை எழுதுங்கள் என்பேன். கொச்சினீல். உலர்ந்தபின் மிளகளவுகூட இராது. அந்த நகரத்துத் தேவாலயங்களுக்கும் மாளிகைகளுக்கும் பச்சைக் கல் அடுக்கிய பணத்தில் பெரும்பங்கு இந்தப் பூச்சி சம்பாதித்துக் கொடுத்தது.

முதலில் பூச்சியைப் பார்த்துவிடுவோம். நோபால் என்று அங்கே சொல்லும் கள்ளி நம் சப்பாத்திக்கள்ளியின் இனம். அதன் தட்டையான மடல்களில் வெள்ளை மாவு தூவியதுபோல் திட்டுத்திட்டாகத் தெரியும். பப்பாளியிலும் மரவள்ளியிலும் மாவுப்பூச்சி அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோற்றம் பழக்கமானது. இரண்டும் செதில்பூச்சிக் கூட்டத்தைச் சேர்ந்தவை, அரக்குப் பூச்சியும் அந்தக் கூட்டம்தான். ஒரு திட்டை விரலால் வழித்து எடுத்தால் மாவுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை. கால் இருப்பதே தெரியாது, சிறகு கிடையாது. அதுதான் பெண் பூச்சி. குஞ்சாக இருக்கும்போது மடலில் ஓர் இடத்தைத் தேர்ந்து அலகைக் குத்தி உட்கார்ந்துவிட்டால் பிறகு நகர்வதில்லை. அங்கேயே சாறு உறிஞ்சி, வளர்ந்து, குஞ்சு ஈன்று முடிந்துபோகும். ஆணுக்குச் சிறகு உண்டு, உண்ண வாய் இல்லை. சில நாள் பறந்து இணை சேர்ந்து இறந்துவிடும்.

உள்ளங்கையில் வைத்து அந்த உருண்டையை நசுக்கினால் ரத்தமே வந்ததுபோல் இருக்கும். அது ரத்தமல்ல, கார்மினிக் அமிலம். உலர்ந்த பூச்சியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதுவே. ஓடவும் பறக்கவும் முடியாத உயிருக்குக் கசப்புதான் கவசம். எறும்பு இதைத் தொடாது. ஒரு விட்டிலின் புழு விதிவிலக்கு. அது கொச்சினீலைத் தின்று, அந்த அமிலத்தையே வயிற்றில் சேர்த்துவைத்துத் தன்னைத் தாக்க வரும் எறும்பின் மேல் கக்குகிறது. அஸ்தெக்குகளின் நாவாத்ல் மொழியில் இப்பூச்சிக்கு நொசெஸ்த்லி என்று பெயர். கள்ளியின் இரத்தம் என்று பொருள்.

இந்தப் பூச்சி காட்டுப்பூச்சி அல்ல என்பது பலருக்குத் தெரியாது. பட்டுப்புழுவைப்போல் இதுவும் தலைமுறை தலைமுறையாக மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்தது. காட்டில் இருக்கும் சொந்தக்காரப் பூச்சிகள் சிறியவை, உடம்பு முழுவதும் பஞ்சு போன்ற தடித்த இழையைப் போர்த்தியவை, மழைக்கும் குளிருக்கும் ஈடுகொடுப்பவை, ஆனால் சாயம் குறைவு. வளர்ப்புப் பூச்சி பெருத்து, சாயம் மிகுந்து, பஞ்சுப் போர்வையை இழந்து மெல்லிய மாவுப் பூச்சோடு நிற்கிறது. ஒரு பெருமழை போதும், கூட்டம் கூட்டமாக அடித்துப் போய்விடும். ஆகவே மழைக்காலத்தில் மடல்களை வெட்டிக் கூரைக்கு அடியில் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறார்கள். குஞ்சு ஈனும் நிலையிலுள்ள தாய்ப் பூச்சிகளைச் சின்னக் கூடுகளில் வைத்துப் புது மடலில் பொருத்துகிறார்கள். குஞ்சுகள் தாமே வெளியேறி மடலில் பரவும். மூன்று மாதம் போல் ஆனதும் அறுவடை. மடலுக்குச் சேதமில்லாமல் தூரிகையால் தட்டி எடுத்து வெயிலில் காயவைப்பார்கள். உலர்ந்த சரக்கு ஒரு கிலோ சேர ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு மடலைப் பாருங்கள், விலை ஏன் அப்படி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அஸ்தெக் அரசுக்கு வஹாகாப் பகுதி ஊர்கள் இதைப் பைபையாகத் திறை கட்டின. 1521-ல் அதன் தலைநகர் தெனோச்தித்லான் விழுந்தபின் இது ஸ்பானியர் கைக்கு வந்தது. ஐரோப்பாவில் அதற்குமுன் கிடைத்த சிவப்புகள் எதுவும் இதன் பக்கத்தில் நிற்கவில்லை. வெள்ளிக்கு அடுத்தபடி மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய விலைமிக்க சரக்கு இதுவே என்றானது. கார்தினால்களின் அங்கி, பிரிட்டிஷ் அதிகாரிகளின் சிவப்புச் சட்டை, ஓவியர்களின் வண்ணத் தட்டு எல்லாவற்றிலும் ஏறியது. வாங்கியவர்களுக்கு இது பூச்சியா, விதையா என்றுகூட நெடுங்காலம் தெளிவில்லை. கிரானா என்ற ஸ்பானியப் பெயருக்கே தானியம் என்றுதான் பொருள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபிறகே சந்தேகம் தீர்ந்தது. 1777-ல் தியேரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வஹாகாவுக்கே வந்து, மூட்டுவாத மருந்துக்கு என்று சொல்லிப் பூச்சி ஒட்டிய மடல்களை வாங்கி, சாந்-தொமாங் என்ற பிரெஞ்சுக் காலனிக்குக் கடத்திக்கொண்டு போனார். 1780-ல் அவர் இறந்தார். பார்த்துக்கொள்ள ஆளில்லாத வளர்ப்புப் பூச்சிகளும் அழிந்தன.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களில் இந்தச் சிவப்பை மதராஸில் உண்டாக்க முனைந்து, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். தோட்டம் தயார், பூச்சிதான் வரவில்லை. 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கொச்சினீல் வந்து சேர்ந்தது. அது சாயம் குறைந்த காட்டு இனம். சாயத்தொழிலுக்கு அதனால் பயன் இல்லை. ஆனால் கள்ளியை அது தின்று தீர்த்த வேகம் எல்லோர் கண்ணிலும் பட்டது. 1830களில் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பூச்சியைவிட்டுக் களையை அழிக்கும் முறையின் வரலாற்றில் இதைத்தான் முதல் நிகழ்வாகக் குறிக்கிறார்கள். பிறகு 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் வந்து நம் சப்பாத்திக்கள்ளிப் புதர்களைக் காலிசெய்தது. சிவப்புக்காகத் தொடங்கிய வேட்டையில் நமக்குக் கிடைத்தது வெட்டவெளி. பூச்சியைக் கப்பலில் ஏற்றிவிடலாம், அதை மழைக்கு ஒதுக்கி வைக்கும் கையை ஏற்ற முடியாது என்பதை ஆண்டர்சனின் தோட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். ஜூலையில் கெலகெட்சா நடனத் திருவிழாவுக்கு நகரம் நிரம்பி வழியும், அது மழைக்காலமும்கூட. பூச்சியைத் திறந்த தோட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டால் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான வறண்ட மாதங்களில் போங்கள். மெக்சிகோ சிட்டியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம் போல், பேருந்தில் ஆறேழு மணி நேரம். முதல் நாள் சாந்தோ தொமிங்கோவின் பின்புறத்திலுள்ள இனத்தாவரத் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். வஹாகா மாநிலத்துச் செடிகொடிகளை அங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். நோபாலும் பூச்சியும் உண்டு. வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவது வழக்கம் என்பதால் நேரத்தை முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நகருக்குத் தெற்கே, கருப்பு மண்பாண்டத்துக்குப் பேர்போன சான் பார்தொலோ கொயொதெபெக் ஊரில் கொச்சினீல் பண்ணை ஒன்று இருக்கிறது.

முக்கியமான நாளைக் கிழக்குச் சாலைக்கு ஒதுக்குங்கள். முப்பது கிலோமீட்டர் தொலைவில் தெயோதித்லான் தெல் வாயே. சபோதெக் மக்களின் ஊர், கம்பளி விரிப்பு நெய்வது வீட்டுத்தொழில். காலால் மிதிக்கும் தறியும் செம்மறியும் ஸ்பானியரோடு வந்தவை. சாயம் அதற்கு முந்தையது. உலர்ந்த பூச்சியை மெதாதே என்னும் கால்வைத்த அம்மியில் அரைத்துத் தூளாக்குகிறார்கள். படிகாரத்தில் முன்பே கொதித்த கம்பளிச் சிட்டத்தைச் சாயக் கொப்பரையில் இறக்கினால் அடர்சிவப்பு ஏறும். படிகாரத்திலுள்ள அலுமினியம்தான் சாயத்தை நூலோடு கோத்துப் பிடிக்கிறது. அது இல்லாவிட்டால் அலசலில் போய்விடும். அதே கொப்பரையில் இரண்டாவது சிட்டம் இறங்கினால் வெளிறும், மூன்றாவது ரோஜா.

நெசவாளர் ஒருவர் உங்கள் உள்ளங்கையில் தூளைக் குழைத்து வைத்தால் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் அந்தக் கருஞ்சிவப்பு, செம்பரத்தையைத் தாண்டி ஆரஞ்சை நோக்கி ஓடும். பக்கத்திலேயே கொஞ்சம் சுண்ணாம்பைத் தொட்டுவைத்தால் ஊதா. அமிலமும் காரமும் மாறும்போது கார்மினிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் விதமும் மாறுவதால் வருவது இது. ஒரே பூச்சியிலிருந்து இத்தனை நிறம் எடுத்து ஒரே விரிப்பில் நெய்துவிட முடிகிறது. அவுரி நீலம் தோய்த்த நூலை இதில் தோய்த்தால் இன்னொரு வரிசை ஊதாக்கள்.

விரிப்பு வாங்குவதில் ஒரு சொல். சந்தையில் தொங்கும் சிவப்பெல்லாம் பூச்சிச் சிவப்பல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயம் வந்து இந்த வியாபாரத்தைச் சாய்த்துவிட்டது, இன்று பூச்சி அதிகம் விளைவது பெருவில். வீட்டுக்கே போய் வாங்குங்கள். அம்மி, கொப்பரை, காயும் சிட்டங்கள் கண்ணில் படுகின்றனவா பாருங்கள், சாயமிடக் காட்டச் சொல்லுங்கள். இயற்கைச் சாயம் ஏற்றிய விரிப்பு விலை கூடுதலாகத்தான் இருக்கும்; அதில் மாதக்கணக்கான கைவேலை இருக்கிறது, அடித்துப் பேரம் பேசாதீர்கள். சைவ உணவில் கண்டிப்பானவர்களுக்கும் ஒன்று: உணவுப் பொட்டலத்தில் இ120 அல்லது கார்மைன் என்றிருந்தால் அது இந்தப் பூச்சிதான்.

போகும் நாள் ஞாயிறாக இருந்தால் நல்லது. அதே சாலையில் இன்னும் சற்றுத் தள்ளி த்லகொலூலாவில் அன்றுதான் வாரச்சந்தை கூடும், திரும்பும் வழியில் தூலே ஊரின் பிரம்மாண்டமான சைப்ரஸ் மரமும் இருக்கிறது. வஹாகாவிலிருந்து பங்கு டாக்ஸி கிடைக்கும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், தறி ஓடும் நேரத்தில் தெயோதித்லானில் இருக்க வேண்டும்.