திரை ஏன் உயர்ந்தது?

2012 ஜூலையில் பேரன் என்னை ஐமாக்ஸ் அரங்குக்கு இழுத்துச் சென்றான். கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் வரிசையில் மூன்றாவதும் கடைசியுமான ‘தி டார்க் நைட் ரைசஸ்’. ஓடிக்கொண்டிருந்த படம் திடீரென்று மேலும் கீழும் விரிந்தது. சற்று நேரத்தில் சுருங்கியது.

“தாத்தா, மெஷின் ரிப்பேரா?”

ரிப்பேர் இல்லை. சாதாரண 70 எம்.எம். பிலிம் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு படத்துக்கு ஓரத்தில் 5 துளைகள். ஐமாக்ஸில் அதே பிலிம் படுக்கைவாட்டில் ஓடுகிறது, படத்துக்கு 15 துளைகள். பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. மீட்டர் கேஜை பிராட் கேஜாக்க நாங்கள் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டோம்; இவர்கள் பிலிமைத் திருப்பிப் போட்டே காரியத்தை முடித்துவிட்டார்கள்!

“அப்போ முழுசும் அப்படியே எடுக்கலாமே?” நியாயமான கேள்வி. அந்தக் காமிரா கனமானது. போடும் இரைச்சலில் நடிகர்களின் பேச்சைப் பதிவு செய்வது கஷ்டம். அதனால் 164 நிமிடப் படத்தில் எழுபது நிமிடம் போலத்தான் அதில் எடுத்தார்கள். மீதி பெரும்பாலும் 35 எம்.எம்.

கதாநாயகன் பாதாளச் சிறையிலிருந்து இடுப்புக் கயிறில்லாமல் ஏறி வெளியே வருகிறான். வெளியே வரும் இடம் ஜோத்பூர் மெஹ்ரான்கட் கோட்டை அருகே எடுத்தது. பாலம் வேலையில் பெல்ட் கட்டாதவனை உடனே கீழே இறக்கிவிடுவேன் நான். அந்தக் காட்சியில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டது நான்தான்.