குறைமாதக் குழந்தைக்கு ஐந்தாண்டுக் கெடு

2013 நவம்பர் 27 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் ஒன்றில் மூன்று பகுதிகள் இருந்தன. முதல் பகுதி மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியது. இரண்டாவது குழந்தை மருத்துவ ஆய்வு மையங்களை இணைப்பது பற்றியது. மூன்றாவது பகுதி, ஆய்வுக்கூடங்களிலிருந்து ஓய்வு பெற்ற சிம்பன்சிகளின் சாப்பாட்டுச் செலவு! சிம்பன்சிக் காப்பகத்துக்குத் தேசிய சுகாதார நிறுவனம் மொத்தமாக 3 கோடி டாலர்தான் செலவிடலாம் என்று 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒரு வரம்பு வைத்திருந்தது. பணம் அந்த வரம்பைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கான மசோதா புறப்படத் தயாராக நின்றது. சிம்பன்சிகளையும் அதே வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சின்னச் சட்டங்கள் பிழைத்துக் கிடப்பது இப்படித்தான். ஒன்று, நாலு பேரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இன்னொருவர் வண்டியில் தொற்றிக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் சட்டம் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது.

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையை அமெரிக்கர்கள் செல்லமாக 'ப்ரீமீ' என்பார்கள். குறைப்பிரசவ ஆய்வை விரிவுபடுத்துவது, தாய்மாருக்குக் கற்பிப்பது என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலத் தலைப்பு ஒன்றை எழுதி, முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தச் செல்லப் பெயரே வரும்படி சட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். செனட்டில் குடியரசுக் கட்சியின் லமார் அலெக்சாண்டரும் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ்டோபர் டாடும், பிரதிநிதிகள் அவையில் ஃபிரெட் அப்டனும் அன்னா எஷூவும் அதைக் கொண்டுவந்தார்கள். 2006 டிசம்பர் 22 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சேர்ந்து நின்றது இதில் வியப்பில்லை. குழந்தைக்கு எதிராக யார் ஓட்டுப் போடுவார்கள்? சிக்கல் அங்கே இல்லை.

சட்டம் சொன்னது சுருக்கமாக இதுதான். சிடிசி எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறைப்பிரசவத்தின் காரணங்களை ஆராய வேண்டும். பிரசவித்த தாய்மாரிடம் கேள்வி கேட்டுத் தகவல் திரட்டும், 1987 முதல் நடந்துவந்த 'பிராம்ஸ்' கணக்கெடுப்போடு மருத்துவப் பதிவுகளை இணைக்க வேண்டும். மருத்துவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குறைப்பிரசவத்தின் அறிகுறிகள், ஆபத்துகள் பற்றிச் சொல்லித்தர வேண்டும். நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாட்டைக் கூட்டி, எதை முதலில் ஆராய்வது என்று பட்டியலிட வேண்டும். அந்த மாநாடு 2008 ஜூனில் நடந்தது.

இதன் பின்னணியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பழைய கதை உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாமல் போன ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அதிபராக இருந்தபோது 1938இல் அந்நோயை எதிர்க்க ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆளுக்குப் பத்து சென்ட் காசு அனுப்புங்கள் என்று வானொலியில் வேண்டுகோள் போனது. வெள்ளை மாளிகைக்குக் காசு மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. அதனால்தான் அதற்கு 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்று பெயர். டைம் என்பது பத்து சென்ட் நாணயம். 1955இல் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வெற்றி பெற்றதும் நிறுவனத்துக்கு வேலை இல்லாமல் போனது. வேலை முடிந்தால் கடையைச் சாத்திவிடுவதுதான் முறை. இவர்கள் சாத்தவில்லை, 1958இல் பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பினார்கள், 2003இல் குறைப்பிரசவத்தைக் கையில் எடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் சட்டம் வந்தது.

ஆனால் அமெரிக்கா இந்தத் துயரத்தை முதன்முதலில் ஒரு நாடாக உணர்ந்தது 1963 ஆகஸ்டில். அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை 2.1 கிலோ. இன்று இந்த எடையில் பிறக்கும் குழந்தை அநேகமாக ஒரு சில வாரங்களில் வீட்டுக்குப் போய்விடும். பாட்ரிக் 39 மணி நேரம்தான் வாழ்ந்தான். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை என்பதை மேரி எலன் ஏவரி 1959இலேயே கண்டுபிடித்திருந்தார். காரணம் தெரிந்திருந்தது, மருந்துதான் இல்லை. 1980இல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா அந்தப் பொருளைக் குழந்தைகளின் நுரையீரலில் செலுத்திக் காட்டினார்; 1990இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் நடுவே 31 ஆண்டுகள்.

இந்த 31 ஆண்டு இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு சட்டத்தின் ஆயுளைப் பாருங்கள். இது நிரந்தரச் சட்டம் அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பித்தாக வேண்டும். 2006இல் பிறந்தது, 2013இல் சிம்பன்சிகளோடு புதுப்பிக்கப்பட்டது, 2018 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்தோடு மறுபடி. அந்தக் கெடு 2023 செப்டம்பரோடு முடிந்தது.

கெடு முடிந்தால் பணம் உடனே நின்றுவிடுமா என்றால், இல்லை. அமெரிக்க நடைமுறையில் ஒரு திட்டத்துக்கு இரண்டு படிகள் உண்டு. இன்ன வேலைக்கு இவ்வளவு வரை செலவிடலாம் என்று அனுமதிப்பது ஒரு சட்டம். உண்மையில் பணத்தை எடுத்துக் கொடுப்பது ஒவ்வொரு ஆண்டும் வரும் வேறு சட்டம். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது: அரசாணை வந்துவிட்டது, நிதி வரவில்லை என்று எத்தனை பேர் அலைந்திருக்கிறோம்! கெடு தாண்டிய திட்டத்துக்கும் நாடாளுமன்றம் விரும்பினால் பணம் தரலாம். ஆனால் வெட்டு விழும் நாளில் பாதுகாப்பு இல்லாமல் நிற்பது அத்தகைய திட்டம்தான்.

சரி, பணம் எவ்வளவு? 2018 சட்டம் சிடிசியின் குறைப்பிரசவ வேலைக்கு அனுமதித்தது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர். இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறேன். முதல் சட்டம் வந்த அதே 2006இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. குறைப்பிரசவத்தால் நாட்டுக்கு ஆகும் செலவு ஆண்டுக்குக் குறைந்தது 2,620 கோடி டாலர், ஒரு குழந்தைக்குச் சராசரி 51,600 டாலர் என்றது அது. அந்தக் கணக்கில் 20 லட்சம் டாலர் என்பது 39 குழந்தைகளின் செலவு. அங்கே ஆண்டுக்குப் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளோ ஏறத்தாழ 3.8 லட்சம். தேசிய சுகாதார நிறுவனம் தன் பொது நிதியிலிருந்து இதைவிடப் பல மடங்கு ஆய்வுக்குச் செலவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு இந்தச் சட்டம் தேவைப்படவில்லை.

அப்படியானால் இந்தச் சட்டத்தால் என்ன பயன்? என் கணிப்பு இது: தலைப்பில் முதலில் நிற்பது 'ஆய்வு', முதலில் பலன் தந்ததோ பின்னால் நிற்கும் 'கற்பித்தல்'.

ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தவறு. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 35ஆம் வாரத்தில் குழந்தையின் மூளை எடை, 39, 40ஆம் வாரங்களில் இருக்கப்போகும் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். அமெரிக்காவில் இருந்த மூடநம்பிக்கை வேறு மாதிரி: 37 வாரம் முடிந்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான் என்று தாய்மார் மட்டுமல்ல, மருத்துவர்கள் பலரும் நினைத்தார்கள். விடுமுறை வருகிறது, மருத்துவர் ஊருக்குப் போகிறார், மாமியார் வரும் தேதி இது என்று எந்த மருத்துவக் காரணமும் இல்லாமல் வலியைத் தூண்டியோ அறுவை செய்தோ பிரசவத்தை முன்னால் இழுத்தார்கள். நட்சத்திரம் பார்த்து, நல்ல நேரம் குறித்துக்கொண்டு சிசேரியனுக்குத் தேதி கேட்கும் நாம் அவர்களைக் கேலி செய்ய முடியாது.

39 வாரத்துக்கு முன் காரணமின்றிப் பிரசவம் பார்க்காதீர்கள் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 1979லிருந்தே சொல்லிவந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. 2010இல் மார்ச் ஆஃப் டைம்ஸும் கலிஃபோர்னியா மருத்துவர்களும் சேர்ந்து மருத்துவமனைகளுக்கு ஒரு கையேடு தந்தார்கள். அதில் பலித்த யோசனை மிகச் சாதாரணமானது. மருத்துவக் காரணம் எழுதாமல் தேதி கேட்டால், பதிவு செய்யும் செவிலியர் மறுத்துவிடலாம். எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும் சரி. 2012இல் மத்திய அரசும் பிரசாரத்தில் இறங்கியது. இப்படிப்பட்ட முன்கூட்டிய பிரசவங்கள் 2010இல் 17 சதவீதமாக இருந்தன. 2013இல் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டன. அந்த ஆண்டே மருத்துவர் கழகம் 37, 38 வாரப் பிரசவங்களை 'முழுமாதம்' என்று அழைப்பதையும் நிறுத்தியது. இதற்கு ஊசியோ மாத்திரையோ தேவைப்படவில்லை. முழுப் புகழும் சட்டத்துக்குச் சேராது. ஆனால் சட்டம் எழுதிவைத்த வேலை இதுதான்.

ஊசியின் கதை வேறு. முன்பு குறைப்பிரசவம் ஆன பெண்களுக்கு வாரம் ஒரு முறை ஒரு வகைப் புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டால் மறுபடி அப்படி ஆவது குறைகிறது என்று 2003இல் ஒரு ஆய்வு சொன்னது. மருந்துக் கலவை செய்யும் கடைகளில் 10, 20 டாலருக்குக் கிடைத்த ஊசி அது. 2011 பிப்ரவரியில் 'மகேனா' என்ற பெயரில் விரைவு அனுமதி கிடைத்ததும் ஒரு ஊசியின் விலை 1,500 டாலர் ஆனது. நாடே கொதித்தது, செனட்டர்கள் கேள்வி எழுப்பினார்கள், கலவைக் கடைகள் தொடரலாம் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்த பிறகு விலை 690க்கு இறங்கியது. அதன் பிறகுதான் பெரிய அதிர்ச்சி. சுமார் 1,700 பெண்களிடம் நடந்த உறுதிப்படுத்தும் ஆய்வின் முடிவு 2019இல் வந்தது: ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. 2023 ஏப்ரலில் அனுமதி ரத்தானது. பன்னிரண்டு ஆண்டுகள் பலன் தராத ஊசியை நம்பிய பெண்களை நினைத்துப் பாருங்கள். கணிசமான குறைப்பிரசவங்களில் ஏன் வலி முந்தி வருகிறது என்பதே இன்றுவரை தெளிவாகவில்லை. காரணம் தெரியாத நோய்க்கு மருந்து தேடினால் இப்படித்தான் ஆகும்.

நிலவரம் என்ன ஆயிற்று என்று கேட்டால் எண்களை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். 2006இல் அமெரிக்கக் குறைப்பிரசவ விகிதம் 12.8 சதவீதம், 2023இல் 10.4. பெரிய இறக்கம் போலத் தெரியும். இடையில் எண்ணும் முறையே மாறிவிட்டது. கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து எண்ணியதை விட்டுவிட்டு, ஸ்கேன் முதலியவற்றை வைத்து மருத்துவர் கணிக்கும் வயதை எடுத்துக்கொண்டார்கள். புதிய முறையில் பார்த்தால் 2007இல் 10.4, 2014இல் 9.6, 2021இல் 10.5. இறங்கியது, மறுபடி ஏறிவிட்டது.

கருவின் வயதைக் கணிப்பது அவ்வளவு சிக்கலான வேலை. நாம் பயன்படுத்தும் ஸ்கேன் சூத்திரங்கள் மேற்கத்தியக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து உருவானவை. குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் தரவுகளைக் கொண்டு, சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் ஃபரீதாபாதில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இந்தியக் கருவுக்கான கணக்கீட்டு முறையை 2024இல் வெளியிட்டார்கள். 2020இல் உலகில் பிறந்த 1.34 கோடி குறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். எந்த நாட்டையும்விட அதிகம்.

அமெரிக்க எண்களுக்குள் இன்னொரு பிளவு இருக்கிறது. கறுப்பினத் தாய்மாரிடையே குறைப்பிரசவம் வெள்ளையினத்தாரைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இது பரம்பரைக் கூறு என்று ஒதுக்கிவிட முடியாதபடி இல்லினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகள் 1997இல் ஒன்றைக் காட்டின. ஆப்பிரிக்காவில் பிறந்து அங்கே குடியேறிய பெண்களின் குழந்தைகளது எடை, அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் குழந்தைகளைவிட வெள்ளையினப் பெண்களின் குழந்தைகளுக்கு நெருக்கமாக இருந்தது. உடலில் அல்ல, அந்த நாட்டில் வாழ்ந்த வாழ்க்கையில் தேட வேண்டிய காரணம் இது. தாயின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கும் கணக்கெடுப்பு பிராம்ஸ்தான். 2025 ஏப்ரலில் சிடிசியில் நடந்த ஆட்குறைப்பில் அதைக் கவனித்துவந்த குழுவே வெளியே அனுப்பப்பட்டது.

அதற்கு நான்கு மாதம் முன்பு, 2024 டிசம்பரில், சட்டத்தைப் புதுப்பிக்கும் பகுதி மறுபடி ஒரு வண்டியில் ஏறியிருந்தது. அரசாங்கம் பணமின்றி முடங்காமல் இருக்க இரு கட்சிகளும் பேசி முடித்த, 1,500 பக்கத்தைத் தாண்டிய மசோதா அது. எலான் மஸ்க் அதன் கனத்தைக் காட்டி எதிர்த்தார், டிரம்பும் சேர்ந்துகொண்டார். ஒப்பந்தம் உடைந்தது. இரண்டு நாளில் மசோதா சுமார் 120 பக்கமாகச் சுருங்கியது. இறக்கிவிடப்பட்டவற்றில் குழந்தைப் புற்றுநோய் ஆய்வும் இருந்தது, குறைப்பிரசவ ஆய்வும் இருந்தது. புற்றுநோய்ப் பகுதி போனதற்கு எழுந்த கூச்சலில், செனட் கலையும் முன் அதை மட்டும் தனியாக எடுத்து நிறைவேற்றினார்கள். குறைமாதக் குழந்தைகளின் பகுதியை அன்று யாரும் திரும்ப எடுக்கவில்லை.