காளான் கரண்ட்: காசு கொடுக்கும் முன்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்தால் அது மார்க்கெட்டுக்குள் தெரிவதைவிடச் சாலையோரத்தில்தான் அதிகம் தெரியும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது என்று பெட்டி பெட்டியாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். வெயில் ஏற ஏறத் தோல் வெடித்துச் சாறு வழியும். ஓரிரு நாளில் வெள்ளைப் பூசணம் பூக்கும். அந்தத் தக்காளியையும் பூசணத்தையும் வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அது பொய் இல்லை. எவ்வளவு மின்சாரம் என்று கேட்டால்தான் பேச்சு மாறும்.

விஷயம் புதிதும் இல்லை. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம்.சி. பாட்டர், ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வைத்துச் சிறு மின்னோட்டம் எடுத்ததை 1911-லேயே வெளியிட்டார். ஈஸ்ட்டும் பூஞ்சைதான். நுண்ணுயிர் சர்க்கரையைச் செரிக்கும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படும். காற்றுப் படாத அறையில் ஒரு கார்பன் தகட்டை வைத்து அவற்றைப் பிடித்து, காற்றுப் படும் இன்னொரு தகட்டுக்குக் கம்பி வழியே அனுப்பினால் மின்சாரம் ஓடும். நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்பது இவ்வளவுதான்.

இதில் பூஞ்சைக்குத் தனி மவுசு உண்டு. மக்காச்சோளத் தட்டையிலும் தென்னை நார்க்கழிவிலும் இருக்கும் லிக்னின் என்ற கெட்டிப்பொருளைப் பாக்டீரியாக்களால் எளிதில் அசைக்க முடியாது. மரத்தை மக்கவைக்கும் வெள்ளை அழுகல் பூஞ்சைகள் லாக்கேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து அதை உடைக்கும். வைக்கோல் பையில் நாம் வளர்க்கும் சிப்பிக் காளான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. 2025 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனம், ஒரு பக்கம் ஈஸ்ட், மறுபக்கம் வெள்ளை அழுகல் பூஞ்சை என்று முப்பரிமாண அச்சில் செய்த மின்கலம் ஒன்றை அறிவித்தது. அது சில நாள் ஓட்டியது என்ன தெரியுமா? வெப்பநிலை அளக்கும் ஒரு சென்சாரை.

தக்காளியிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் வெங்கடரமணா கதம்ஷெட்டி குழு, புளோரிடாவில் வீணாகும் தக்காளியைப் பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொடுத்து மின்சாரம் எடுத்ததை 2016-ல் அறிவித்தது. அம்மாநிலத்தில் ஓராண்டில் சேரும் 3,96,000 டன் தக்காளிக் கழிவு டிஸ்னி வேர்ல்டுக்கு 90 நாள் மின்சாரம் தரும் என்று ஒரு கணக்கும் வந்தது. அது காகிதக் கணக்கு. உண்மையில் கலம் தந்தது மிகச் சிறிய அளவு என்பதை அந்தக் குழுவே மறைக்கவில்லை.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கலம் வேலை செய்யும்போது தருவது அரை வோல்ட் அளவு. ஒரு வெள்ளை எல்.இ.டி. எரியவே 3 வோல்ட் வேண்டும். தகட்டின் ஒரு சதுர மீட்டருக்கு 1 வாட் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சைக் கலங்கள் பலவும் அதில் சிறு பங்குதான் தருகின்றன. கிணற்று 5 ஹெச்.பி. மோட்டாருக்குச் சுமார் 3,700 வாட் தேவை. அப்படியானால் 3,700 சதுர மீட்டர் தகடு, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். வேடசந்தூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டவர், தட்டையில் மோட்டார் ஓட்ட இன்னொரு காடு வாங்கிக் கார்பன் விரிக்க வேண்டியதுதான். ஆய்வுக்கூடத்துக்கும் சென்சாருக்கும் இது அருமையான நுட்பம். தோட்டத்துக்கு வர இன்னும் காலம் இருக்கிறது.

ஆர்வத்தில் வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூசணம் பிடித்த தட்டையும் வைக்கோலும் கிளறும்போது பறக்கும் தூள் நுரையீரலை அழற்சிக்கு உள்ளாக்கும். காளான் குடிலில் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம். ஆஸ்துமா இருப்பவர்களும், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்களும் ஒதுங்கியிருப்பது நல்லது. பூசணம் பிடித்த சோளத்தை மாட்டுக்குப் போட்டுக் கணக்குத் தீர்க்கவும் கூடாது. அதில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருந்தால் பாலிலும் வரும்.

பூஞ்சையால் இன்றைக்கே ஆகிற காரியம் உரம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு டன் தென்னை நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் போதும். நார்க்கழிவு ஒரு அடுக்கு, வித்து, மீண்டும் நார்க்கழிவு, யூரியா என்று மாற்றி மாற்றிப் போட்டு ஈரம் காத்தால் இரண்டு மாதத்துக்குள் கறுத்து மக்கிவிடும். காய்கறிக் கழிவுக்கு எரிவாயுக் கலன் பொருத்தம். மார்க்கெட் கழிவை அன்றாடம் அகற்றி, பக்கத்திலேயே உரக்கூடமோ எரிவாயுக் கூடமோ அமைவதை ஊக்குவிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே உள்ளாட்சிகளிடம் சொல்லிவிட்டன. நடக்கவில்லை என்றால் ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவே கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: கலன் குழிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஒரே மூச்சில் மயக்கிவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் அதே குழியில் விழுவார்.

இனி காசு விஷயம். 2003 மின்சாரச் சட்டப்படி சொந்தத் தேவைக்கு மின்சாரம் தயாரிக்க உரிமம் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்கு விற்கப் பொதுவாக உரிமம் வேண்டும். வாரியக் கம்பியோடு இணைக்க வாரிய அனுமதி வேண்டும். ஆகவே “யூனிட் போடுங்கள், கரண்டை விற்று மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம்” என்று வருகிறவரிடம் முதலில் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். அடுத்து, வாட் எவ்வளவு, எத்தனை மணி நேரம், யார் அளந்து சான்று தந்தார்கள் என்று கேளுங்கள். பல்பு எரியும் வீடியோ சான்று ஆகாது. ஒளித்து வைத்த பேட்டரியிலும் பல்பு எரியும். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு போய் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க பஸ் செலவுதான் ஆகும்.

“கழிவை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் டெபாசிட் மட்டும் கட்டுங்கள்” என்றால் அது மின்சாரத் திட்டமே அல்ல, முதலீட்டுத் திட்டம். 2012-ல் ஈமு கோழி டெபாசிட் திட்டங்களில் கொங்கு மண்டலமே பட்ட பாடு மறந்திருக்காது. அனுமதியில்லா டெபாசிட் திட்டங்களை 2019 மத்தியச் சட்டம் தடை செய்கிறது. 1997 தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனத்தின் சொத்தை முடக்கிப் பணத்தைப் பங்கிட்டுத் தர வழி இருக்கிறது. இரண்டுக்கும் போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ். பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

கருவியை வாங்கி அது சொன்னபடி ஓடவில்லை என்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915. “விவசாயி தொழிலுக்கு வாங்கினார், அவர் நுகர்வோர் இல்லை” என்று எதிர்த்தரப்பு வாதாடினால் பயப்பட வேண்டாம். தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் போட்ட வழக்கில், விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பில், விளம்பரத் தாள், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். “அடுத்த மாதம் ஆள் அனுப்பிச் சரிசெய்கிறோம்” என்று இழுத்தடிக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட்டாக வேண்டும்.