பாதரசம் எட்டாத துளைகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஃபோர்ட் வொர்த் நகரைச் சுற்றிலும் சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் பார்னெட் என்ற ஷேல் பாறை அடுக்கு இருக்கிறது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்து இறுகிய சேறு அது. எண்ணெய்த் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1981-ல் அதில் முதல் கிணற்றைத் தோண்டியது. கட்டுப்படியாகும் செலவில் எரிவாயு எடுக்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், பணம் கொட்டத் தொடங்கிய பிறகும் அந்த வாயு பாறைக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் தெளிவாகக் கண்டிருக்கவில்லை.

சாதாரணமாகத் தேய்த்து மெருகேற்றினால் ஷேல் பிய்ந்துவிடும். தேய்ப்பில் விழுந்த பள்ளம் எது, பாறையின் சொந்தத் துளை எது என்று பிரித்தறிய முடியாது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்கான் அயனிக் கற்றையால் மேற்பரப்பைச் சீவி, மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். 2009-ல் வெளிவந்த அந்தப் படங்களில், கரிமப் பொருளின் துணுக்குகளுக்குள்ளேயே துளைகள் மொய்த்திருந்தன. பெரும்பாலானவை நானோமீட்டர் அளவு.

படம் அழகானதுதான். ஆனால் அதில் தெரிவது சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு துண்டு. மொத்தப் பாறையையும் எடைபோட வேறு வழி தேவை.

பாதரசம் பழைய வழி. அது பாறையில் ஒட்டாது. அழுத்தித் தள்ளினால்தான் துளைக்குள் புகும். துளை சிறுக்கச் சிறுக்க, தேவைப்படும் அழுத்தம் கூடும். இந்தக் கணக்கை 1921-ல் எழுதியவர் வாஷ்பர்ன். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் பாதரசம் சுமார் 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளைக்குள் நுழையும். 4,000 மடங்கு அழுத்தினால் நான்கு நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவான துளை வரை எட்டும். இங்கே ஒரு சிக்கல். வாய் குறுகிய குடம் போன்ற துளையில், வாய்க்குரிய அழுத்தம் வந்த பிறகே பாதரசம் உள்ளே பாயும். கருவியோ குடம் முழுவதையும் வாயின் அளவுள்ள துளை என்றே பதிவு செய்யும். போதாக்குறைக்கு, அவ்வளவு அழுத்தத்தில் பாறையே நசுங்கலாம்.

இன்னொரு வழி நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் அது துளைச்சுவரில் அடுக்கடுக்காகப் படியும். எவ்வளவு படிந்தது என்பதிலிருந்து பரப்பளவைக் கணக்கிடலாம். இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான துளைகளுக்கு அது சரிப்படாது. அங்கே கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, ஒரே பாறைக்கு மூன்று கருவிகள் மூன்று விதமான பதில்களைத் தருகின்றன.

இந்தக் குழப்பத்தை ஒரே எண்ணில் அடக்கும் ஆசை 1983-ல் பிறந்தது. கடற்கரையின் நீளம் அளவுகோலைப் பொறுத்து மாறும் என்று மாண்டல்பிராட் 1967-ல் காட்டியிருந்தார். பீட்டர் பைஃபர், டேவிட் அவ்னிர் இருவரும் அந்த ஃபிராக்டல் கருத்தை மூலக்கூறு அளவுக்கு இறக்கினார்கள். வழவழப்பான பரப்பை மூலக்கூறுகளால் மூடுவதாக வைத்துக்கொள்வோம். மூலக்கூறின் ஆரத்தைப் பாதியாக்கினால், நான்கு மடங்கு மூலக்கூறுகள் தேவை. பரப்பு கரடுமுரடாக இருந்தால், பெரிய மூலக்கூறு நுழைய முடியாத பள்ளங்களிலும் சிறியது போய் உட்காரும். நான்கு மடங்கு போதாது. ஐந்தரை மடங்குக்குச் சற்று மேலே தேவைப்பட்டால், அந்தப் பரப்பின் பரிமாணம் 2.5. இரண்டு என்றால் தட்டை; மூன்றை நெருங்கினால் பரப்பே கொள்ளளவை நிரப்பும் அளவுக்குச் சுருண்டு மடிந்திருக்கிறது என்று பொருள்.

ஷேல் துளை ஆய்வுகளில் இப்போது இந்த எண் அடிக்கடி தென்படுகிறது. நைட்ரஜன் தரவை மடக்கை வரைபடத்தில் இட்டு, ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, சாய்விலிருந்து பரிமாணத்தை எடுத்துவிடுகிறார்கள். எண் கூடினால் வாயு ஒட்டிக்கொள்ளப் பரப்பு அதிகம், வெளியேறும் வழி கோணல்மாணல் என்பது வழக்கமான விளக்கம். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். சுவர் எவ்வளவு கரடுமுரடு என்று சொல்லும் எண், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் வழி இருக்கிறதா என்பதைத் தானாகச் சொல்லிவிடாது. கோடு பொருந்தும் வீச்சும் பெரும்பாலும் குறுகியது. இதை எச்சரித்தவர்களில் அதே அவ்னிரும் ஒருவர். இயற்பியல் இதழ்களில் வந்த ஃபிராக்டல் ஆய்வுகளை அவரும் சக ஆய்வாளர்களும் அலசி, அளவு சுமார் இருபது மடங்கு மாறும் எல்லைக்குள்ளேயே அவற்றில் பல நின்றுவிடுகின்றன என்று 1998-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். துளைகளோ ஒரு நானோமீட்டரிலிருந்து பல ஆயிரம் நானோமீட்டர் வரை பரந்து கிடக்கின்றன.

வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு நியூட்ரான் கற்றை ஓரளவு பதில் தருகிறது. நியூட்ரான்கள் பாறையை ஊடுருவிச் செல்லும். திறந்த துளை, மூடிய துளை இரண்டிலும் சிதறும். கன ஹைட்ரஜன் கொண்ட மீத்தேனை அழுத்தத்தில் செலுத்தி, வாயுவும் பாறையும் நியூட்ரான்களை ஒரே மாதிரி சிதறடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால், வாயு நிரம்பிய துளைகள் தரவிலிருந்து மறைந்துவிடும். எஞ்சும் சிதறல் வாயு போய்ச் சேராத துளைகளுடையது. பார்னெட் பாறையிலேயே இதைச் செய்து பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இதற்கு ஆராய்ச்சி அணு உலையோ பெரிய முடுக்கியோ வேண்டும் என்பதால், அன்றாட வேலைக்கு ஆய்வகங்கள் இன்னும் பாதரசத்தையும் நைட்ரஜனையுமே நாடுகின்றன.